பெயரை இரவல் வாங்கி ஒரு வியாபாரமா?



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, முன் விறாந்தையில் ஒரு தாயும் மகளும் காத்திருந்தார்கள். தாயின் மடியில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் மகளின் கல்யாண நகைகள், 12 பவுண். அடகுக் கடைக்குப் போகும் வழியில் என்னிடம் துஆச் செய்யச் சொல்ல வந்திருந்தார்கள்.

"மகன் ஜப்பான்ல கார் பிஸ்னஸ் செய்யப் போறான் மௌலவி. சல்லி அனுப்பச் சொல்றான். தங்கச்சிட நகையத் தவிர எங்களிட்ட வேற என்ன இருக்கு?" என்றார் தாய்.

அந்த மகன் என்னிடம் ஓதிப் படித்தவர். நல்ல பிள்ளை. மொழி படிக்கும் மாணவராக ஜப்பானுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அங்கே பாவித்த வாகனங்களை ஏலத்தில் வாங்கி வெளிநாடுகளுக்கு ஏற்றுகின்ற நம் நாட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து இவருக்கும் ஆசை வந்திருக்கிறது. ஆசையில் குற்றமில்லை.

"ராத்தா, அதுக்கு லைசன் எடுத்திட்டாரா?" என்று கேட்டேன்.

"அவன்ட கூட்டாளிட லைசன் இருக்காம். அவர்ட பேர்லயே செய்யலாமாம். இவன் சல்லிய மட்டும் போட்டாப் போதுமாம்."

மகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருடைய கண்கள் அந்த டின்னை விட்டு அகலவில்லை. நான் துஆச் செய்தேன். ஆனால், "இன்று அடகுக் கடைக்குப் போக வேண்டாம். எனக்கு இரண்டு நாள் தாருங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். என்னுடைய இன்னொரு பழைய மாணவர் நீண்ட காலமாக அங்கே இதே தொழிலை முறைப்படி செய்து வருகிறார். அவரிடம் தொலைபேசியில் விளக்கமாகக் கேட்டேன். நம் வீடுகளில் ஜப்பானுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் இருப்பதால், அறிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அனுமதி தருவது பொலிஸ்

ஜப்பானில் பழைய பொருட்களை வாங்கி விற்பவர் 'கொபுட்சுஷோ' என்ற அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். இதற்கான சட்டம் 1949ஆம் ஆண்டில் வந்தது. சட்டம் 13 வகைப் பொருட்களைக் குறிப்பிடுகிறது. மோட்டார் கார் அவற்றில் ஒன்று. அனுமதியை வழங்குவது அந்தந்த மாகாணத்தின் பொதுப் பாதுகாப்பு ஆணைக்குழு. விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டிய இடமோ, கடை அமையும் பகுதியின் பொலிஸ் நிலையம்.

கார் விற்பதற்கு ஏன் பொலிஸ்? பழைய பொருள் விற்கும் இடத்துக்குத்தான் திருட்டுப் பொருளும் வந்து சேரும். அதைத் தடுப்பதும், வந்துவிட்டால் விரைவாகக் கண்டுபிடிப்பதுமே இந்தச் சட்டத்தின் நோக்கம். ஆகவே அது முதலில் கேட்கும் கேள்வி, "இந்தப் பொருள் யாருடையது? யாரிடமிருந்து உன் கைக்கு வந்தது?" என்பதுதான்.

விண்ணப்பிப்பவர் தம்முடைய கடந்த 5 வருட வரலாற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். வதிவிடச் சான்றும் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். கடைக்கு ஓர் இடம் வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் பொறுப்பான முகாமையாளர் ஒருவரின் பெயரைக் கொடுக்க வேண்டும். கட்டணம் 19,000 யென். அனுமதி மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது. முடிவு தெரிய ஏறக்குறைய 40 நாட்கள் செல்லும். சிறைத் தண்டனை முடிந்து 5 வருடம் கழியாதவருக்கும், நிரந்தர விலாசம் இல்லாதவருக்கும் அனுமதி கிடையாது.

கிடைத்துவிட்டால் அது காலாவதியாவதில்லை. ஆனால் 6 மாதத்துக்குள் வியாபாரத்தைத் தொடங்காவிட்டால், அல்லது தொடங்கிய பின் 6 மாதம் நிறுத்தி வைத்தால், அனுமதி ரத்தாகலாம். கடையில் எல்லோரும் காணும்படி ஒரு சிறிய பலகை மாட்ட வேண்டும். கருநீலத்தில் வெள்ளை எழுத்து. 16 சென்ரிமீற்றர் நீளம், 8 சென்ரிமீற்றர் உயரம். அந்தச் சிறு பலகைதான் அவருடைய தொழிலின் முகம்.

கணக்கேடு

அனுமதி கிடைத்த பிறகுதான் பொறுப்பே ஆரம்பமாகிறது. வாகனத்தை விற்க வருபவர் யாரென்று உறுதிப்படுத்த வேண்டும். அவருடைய பெயர், விலாசம், தொழில், வயது, வாங்கிய திகதி, வாகனத்தின் விபரம் எல்லாவற்றையும் ஏட்டில் பதிந்து 3 வருடம் பாதுகாக்க வேண்டும். திருட்டுப் பொருளோ என்று சந்தேகம் வந்தால் உடனே பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். பொலிஸார் கடைக்கு வந்து ஏட்டைப் பார்க்கலாம்.

பொதுச் சந்தையிலோ அதே வகைப் பொருள் விற்கும் இன்னொரு வியாபாரியிடமோ வாங்கிய பொருள் திருட்டுப் பொருள் என்று பின்னர் தெரியவந்தால், வியாபாரி அறியாமல் வாங்கியிருந்தாலும், களவு போய் ஒரு வருடத்துக்குள் உரிமையாளர் கேட்டால் ஒரு சதமும் வாங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிக்ஹு நூல்களில் நாம் ஓதிக்கொடுப்பதும் இதற்கு நெருக்கமானதே. களவு போன பொருள் எத்தனை கை மாறினாலும் அதன் சொந்தக்காரர் அவர்தான். கடனை எழுதி வைக்கும்படியும் விற்கும்போது சாட்சி வைக்கும்படியும் சூரா பகராவில் வரும் நீண்ட வசனத்தை நம் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். வியாபாரத்தில் இறங்கும்போது அந்த எழுத்தைத்தான் முதலில் மறந்துவிடுகிறார்கள்.

இரவல் பெயர்

இனி அந்தக் கூட்டாளியின் விடயத்துக்கு வருவோம். அனுமதி பெற்றவர் தம் பெயரில் இன்னொருவரை வியாபாரம் செய்ய விடுவதை அந்தச் சட்டம் நேரடியாகவே தடை செய்கிறது. பெயரைக் கொடுத்தவருக்கு 3 வருடம் வரை சிறை அல்லது 10 இலட்சம் யென் வரை தண்டப்பணம். அதை வாங்கி வியாபாரம் செய்தவர் அனுமதியில்லாமல் தொழில் செய்தவராகிறார். அவருக்கும் அதே தண்டனைதான். இருவரில் யாரும் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை.

நம் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆபத்தொன்று உண்டு. மாணவராகச் சென்றவர், தனியாக அனுமதி பெற்று, வாரத்துக்கு 28 மணித்தியாலம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். சொந்தமாக வியாபாரம் நடத்த அந்த விசா இடம் கொடுக்காது. நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும், ஜப்பானியரை மணம் முடித்து அந்த விசாவில் இருப்பவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. மாணவ விசாவில் இருப்பவர் தொழில் நடத்துவதற்கான விசாவுக்கு மாற வேண்டும். அதற்கு முன்பு 50 இலட்சம் யென் முதல் போதுமாக இருந்தது. 2025 அக்டோபரில் அதை 3 கோடி யென்னாக உயர்த்திவிட்டார்கள். 12 பவுண் நகை அதற்கு எந்த மூலைக்கு?

இன்னொன்றையும் யோசியுங்கள். ஏலச் சங்கங்களில் உறுப்பினர் அல்லாதவர் வாங்க முடியாது. உறுப்பினராக அந்த அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே தங்கச்சியின் நகையை அடகு வைத்து அனுப்பும் பணத்தில் வாங்கும் வாகனம் அந்தக் கூட்டாளியின் பெயரில்தான் வரும். ஏற்றுமதிக் கடதாசியும் அவர் பெயரில்தான் இருக்கும். நாளை மனஸ்தாபம் வந்தால், அல்லது அவர் மௌத்தாகிவிட்டால், "இது என் தங்கச்சியின் பணம்" என்று காட்ட இவரிடம் என்ன துண்டு இருக்கிறது? அவர் நல்லவர் என்பதை நான் மறுக்கவில்லை. நல்லவருக்கும் வாரிசுகள் இருக்கிறார்கள்.

அனுமதிப்பத்திரம் சொல்லாதது

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பவர் யார் என்பதை அந்தப் பத்திரம் சொல்லும். வாகனம் எப்படி என்பதைச் சொல்லாது. அதற்கு ஏலத் தாள் இருக்கிறது. ஏலத்துக்கு வரும் வாகனத்தைப் பரிசோதகர் பார்த்துப் புள்ளியிட்டு, படத்தில் 'ஏ' என்று கீறலையும் 'யூ' என்று நெளிவையும் குறிப்பார். புள்ளிக்குப் பதிலாக 'ஆர்' என்று இருந்தால் பெரிய அடிபட்டுத் திருத்திய வாகனம் என்று பொருள். ஜப்பானியப் பரிசோதனைப் பத்திரத்தில் அந்த நேரத்தில் ஓடியிருந்த கிலோமீற்றரும் பதியப்பட்டிருக்கும்.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனத்துக்கு ஆனை விலை. அந்த அவசரத்தில் மீட்டரைத் திருப்பியவர்களும் உண்டு, ஒன்றும் கேட்காமல் வாங்கியவர்களும் உண்டு. வீட்டில் வாகனம் வாங்கும் பேச்சு வந்தால், நிறத்தைப் பற்றிக் கேட்கும் முன், "ஏலத் தாள் எங்கே?" என்று கேளுங்கள். குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் மோசடி. அதைக் கேட்டு அறிவது வாங்குபவரின் உரிமை.

நகை கேட்டால்

சகோதரிகளே, மஹராகவும் சீராகவும் வந்த நகை உங்கள் சொத்து. அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். நானாவோ தம்பியோ கேட்டால் கொடுக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் யாருடைய பெயரில்? விசா அந்தத் தொழிலுக்கு இடம் கொடுக்கிறதா? வாகனம் யாருடைய பெயரில் வாங்கப்படும்? நான் தருவது கடனா, பங்கா, அன்பளிப்பா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்டால் கோபிப்பார்களே என்று பயப்படாதீர்கள். இதைவிட அதிகமாகப் பொலிஸ் கேட்கும்.

மூன்றாம் நாள் அந்தத் தாயின் வீட்டிலிருந்து மகனோடு பேசினேன். முதலில், "எல்லாரும் இப்படித்தான் மௌலவி செய்றாங்க" என்றார். தண்டனையைச் சொன்னபோது மௌனமானார். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "தங்கச்சிட நகை அடகில போக இருந்திச்சு, தெரியுமா?" என்று கேட்டேன். அதுவும் அவருக்குத் தெரியாது. உம்மா எங்காவது கைமாற்று வாங்குவார் என்று நினைத்திருந்தாராம்.

இப்போது அவர் என் பழைய மாணவரின் வாகன முற்றத்தில், அனுமதித்த மணித்தியாலங்களுக்குள், வாகனம் கழுவுகிறார். ஏலத் தாள் வாசிக்கப் பழகுகிறார். கூட்டாளியோடு இன்னும் கொஞ்சம் மனக்கசப்பு இருக்கிறது. தன் பெயரில் அந்த நீலப் பலகையை மாட்ட அவருக்கு எத்தனை வருடம் எடுக்குமோ, அல்லாஹ்தான் அறிவான்.

பிஸ்கட் டின் அலுமாரிக்குத் திரும்பிவிட்டது. நான் விடைபெற்ற நேரம் அந்த மகள்தான் வாசல்வரை வந்தார். "மௌலவி, நாலாவது கேள்விய நானே நானாட்ட கேட்டிருக்கணும்" என்றார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.