கிப்லி பாணியும் கூலிக் கணக்கும்

2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில், நம் நாட்டில் கைப்பேசி வைத்திருப்போர் பலரும் ஒரு விளையாட்டில் இறங்கினர். திருமணப் படம், குழந்தையின் படம், கோயில் வாயிலில் நின்றெடுத்த குடும்பப் படம் என எதைக் கொடுத்தாலும், செயற்கை அறிவுப் பொறி அதனைச் சிறிது நேரத்தில் ஜப்பானியக் கார்ட்டூன் சித்திரமாக மாற்றித் தந்தது. 'கிப்லி பாணி' என்று அதற்குப் பெயர். விளையாட்டோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இராது. பொறி இமைப்பொழுதில் செய்வதற்கு நூறு பேர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தது வீண் உழைப்பே என்றொரு வாதமும் உடன் கிளம்பிற்று. கற்றறிந்தோரும் இதனைக் கூசாமல் கூறுகின்றனர். பாணி என்பது மேதை ஒருவரின் தலையில் உதித்துக் காற்றில் மிதக்கும் பொருள், எவரும் எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்னும் எண்ணமே இவ்வாதத்தின் வேர். அவ்வெண்ணம் பொய் என்பது என் கட்சி. கிப்லியின் பாணிக்கு ஒரு சம்பளப் பட்டியல் உண்டு. அதனைப் பிரித்துப் பார்ப்போம்.

ஹயாவோ மியாசாகி 1941-இல் பிறந்தவர். அரசியலும் பொருளாதாரமும் பயின்று பட்டம் பெற்று, 1963-இல் டோயேய் சித்திரப்பட நிறுவனத்தில் சேர்ந்தார். இரு முதன்மை வரைபடங்களுக்கு நடுவே வரும் அசைவுகளை வரைந்து நிரப்பும் கடைநிலை வேலை அவருக்கு வாய்த்தது. மறு ஆண்டே அங்கிருந்த தொழிற்சங்கத்தின் செயலாளரானார். துணைத் தலைவராக இருந்தவர் இசாவோ தகஹாதா. பிற்காலத்தில் உலகம் கொண்டாடிய அவ்விருவரின் நட்பு முதிர்ந்தது சங்கப் பணியில் என்பதைப் புகழுரையாளர் எவரும் சொல்வதில்லை. 1965-இல் தொடங்கி 1968-இல் திரையேறிய 'ஹோரஸ்' படத்தைத் தகஹாதா இயக்கினார். கடைநிலை ஓவியரும் கருத்துரைக்க இடமளித்த படம் அது. வசூலில் தோற்றது. அதன்பின் அந்நிறுவனத்தில் முழுநீளப் படம் இயக்கும் வாய்ப்பு தகஹாதாவுக்குக் கிட்டவேயில்லை. 1971-இல் இருவரும் வெளியேறினர்.

இதே காலத்தில் மற்றொரு பெரியவர் வேறொரு வழியை வகுத்திருந்தார். ஒசாமு தெசுகா, ஜப்பானியச் சித்திரக் கதைகளின் கடவுள் என்று போற்றப்பட்டவர். முஷி என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்து, 1963 சனவரி முதல் நாளன்று 'ஆட்டம்' என்னும் இயந்திரச் சிறுவனைத் தொலைக்காட்சியில் உலவவிட்டார். வாரம் ஒரு பகுதி என்று ஒப்புக்கொண்டு, ஆக்கச் செலவுக்கும் குறைந்த விலைக்கு அதனை விற்றார். பொம்மை விற்பனையிலும் உரிமத் தொகையிலும் இழப்பை ஈடுகட்டலாம் என்பது அவர் கணக்கு. அவருடைய கலைப் பற்றை யார் மறுப்பார்? ஆயினும் தன் பொருளை நட்டத்துக்கு விற்பவன் பக்கத்துக் கடைக்காரனின் விலையையும் சேர்த்தே இறக்குகிறான். குறைந்த கூலிக்கு அது ஒன்றே காரணமாகாது எனினும், தொடக்கத்திலேயே தாழ்ந்த விலை எளிதில் உயரவில்லை. முஷி நிறுவனம் 1973-இல் நொடித்தது. 1989-இல் தெசுகா மறைந்தபோது, நாடே இரங்கிய வேளையில், மியாசாகி இவ்விலைக் கொள்கையை வெளிப்படையாகச் சாடினார். பண்பற்ற செயல் என்பார் உளர். அவர் கேட்டது கூலிக் கணக்கு. அதற்கு நல்ல நேரம் என்று ஒன்று உண்டா?

1985-இல் தொக்குமா பதிப்பகத்தின் பொருளுதவியோடு கிப்லி தோன்றிற்று. முதல் சில படங்களுக்கு, படந்தோறும் ஆட்களைத் திரட்டி, முடிந்ததும் கலைத்துவிடும் முறையே அங்கும் நிலவியது. வரைந்த தாளை எண்ணிக் கூலி. 'டோட்டோரோ' இம்முறையில்தான் 1988-இல் வெளிவந்தது. 1989-இல் 'கிக்கி' படம் பெருவெற்றி பெற்றதும் மியாசாகி ஒரு முடிவை முன்வைத்தார்: ஓவியரை நிரந்தர ஊழியராக்கி மாதச் சம்பளம் தருவது, வருவாயை இரட்டிப்பாக்க முயல்வது, ஆண்டுதோறும் இளைஞரைச் சேர்த்துப் பயிற்சி அளிப்பது. தற்காலிக ஊழியர், நிரந்தர ஊழியர் என்னும் இரு சொற்களுக்கிடையே எத்தனை குடும்பங்களின் வாழ்வு கிடக்கிறது என்பது கோப்புகளோடு இருபதாண்டு பழகிய என்போன்றோர்க்கு விளக்க வேண்டாத செய்தி. சித்திரப் படத்தின் செலவில் பெரும்பகுதி ஆட்கூலியே. ஆதலின் செலவு ஏறிற்று, படங்களை இடைவிடாது எடுக்கும் கட்டாயமும் வந்தது. ஆனால் புல் சாய்வதையும் நீர் தளும்புவதையும் அவ்வளவு பொறுமையாக வரையும் கைகள் அம்முறையில்தான் கலையாமல் நிலைத்தன. 2001-இல் வெளிவந்து, 2003-இல் ஆஸ்கர் விருது பெற்ற 'ஸ்பிரிட்டட் அவே' படம் அக்கைகளின் விளைவு.

2014-இல் கிப்லி தன் ஆக்கப் பிரிவைக் கலைத்ததே, நிரந்தரச் சம்பளம் தோற்றதற்கு அதுதானே சான்று என்று சிலர் மடக்குவர். கால் நூற்றாண்டு நடந்த ஒன்று அதன் பின்னர் நின்றதைத் தோல்வி என்று எழுதும் கணக்கு எந்தத் தணிக்கையாளருக்கு உகந்ததோ நானறியேன். மலிவு வழியில் சென்ற முஷி பத்தாண்டைக் கடந்ததும் விழுந்தது.

மியாசாகியைத் தெய்வமாக்குவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. 1997-இல் வந்த 'மோனோனோக்கே'யின் ஏறத்தாழ 1,44,000 வரைதாள்களுள் 80,000 அளவில் அவரே பார்த்துத் திருத்தினார் என்று வியப்பர். அவ்வுழைப்பை அவர் தம்மிடம் மட்டும் கேட்டாரில்லை. அவருக்குப்பின் வருவார் என்று கருதப்பட்ட யோஷிஃபூமி கோண்டோ, அப்படத்தின் தலைமை ஓவியருள் ஒருவர், 1998 சனவரியில் 47-ஆம் வயதில் மாண்டார். சங்கச் செயலாளராயிருந்தவர் முதலாளியானபின் சம்பளத்தை உயர்த்தினார். வேலை நேரத்தைக் குறைத்தாரில்லை. இதனை மறைத்துப் பாடும் புகழ் எனக்கு வேண்டாம்.

இனிப் பொறிக்கு வருவோம். 2016-இல் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் படமொன்றில், கணிப்பொறி தானே கற்று அசைத்த உருவத்தைக் காட்டியபோது, உயிருக்கே இழிவு என்று மியாசாகி முகஞ்சுளித்தார். முதியவரின் பிடிவாதம் என்று சிரித்தனர். பாணிக்குப் பதிப்புரிமை இல்லை என்று சட்டம் கூறலாம். சட்டம் அறிந்தோர் அதனை வாதிடட்டும். என் கேள்வி அதனினும் சிறியது. கிப்லியின் சாயலில் வரையும் எந்தப் பொறியும் அச்சாயலை வரைந்தோரின் கைத்தடத்திலிருந்தே கற்க இயலும். நூறு பேர் உழைத்ததை வீண் என்பவர், அந்த நூறு பேர் வரையாதிருந்தால் பொறி எதைப் பார்த்துக் கற்றிருக்கும் என்று முதலில் கூறட்டும். அதன்பின், கற்பித்ததற்கு அவர்களுக்குச் சேரவேண்டிய கூலி எவ்வளவு என்பதைப் பேசுவோம்.