முதல் புரோகிராம் சின்னதா இருக்கட்டும்

லினக்ஸ் கணினியைப் போட்டவுடன் கேர்னல் தொடக்கிவிடுகிற முதல் புரோகிராமுக்குப் பெயர் இனிட். அதன் இலக்கம் 1. மிச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான். அது செத்தால் கேர்னலும் அப்படியே நின்றுவிடும். இவ்வளவு பொறுப்பான இடத்தில் இருக்கிறது எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது எண்டு நாங்கள் சொல்றம். உடனே வாற பதில்: "பழசைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுறீங்கள்."

பழசுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. சிஸ்வி இனிட்டின் நீட்டு நீட்டான ஷெல் ஸ்கிரிப்டுகள் தலையிடிதான். 2010இல் லெனார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கின சிஸ்டம்டி அந்தத் தலையிடிக்கு மருந்தாகத்தான் வந்தது. 2014இல் டெபியன் அதைத் தேர்ந்தெடுத்ததிலும் நியாயம் இருந்தது. ஆனால் மருந்தோடு சேர்ந்து லொக் எழுதுறது, லொகின் பாக்கிறது, டிஎன்எஸ் தேடுறது, நேரம் சரிபாக்கிறது எல்லாம் ஒரே குடைக்குக் கீழே வந்திட்டுது.

"அதெல்லாம் தனித்தனிப் புரோகிராம்கள்தானே?" உண்மைதான். ஆனால் பிணைப்பு எங்கால வரும் எண்டதை 2024 மார்ச் காட்டியது. எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. குறி எஸ்எஸ்எச் சேர்வர். ஓபன்எஸ்எஸ்எச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. "நான் ரெடி" எண்டு சிஸ்டம்டிக்கு ஒரு வரி சொல்றதுக்காகச் சில விநியோகங்கள் லிப்சிஸ்டம்டியை அதோடு ஒட்டின. அதன் வாலைப் பிடித்து எக்ஸ்இசட்டும் உள்ளே வந்தது. அந்த ஒரு வரியை நூலகம் இல்லாமலே ஒரு சொக்கெட்டில் எழுதியிருக்கலாம்! லொகின் அரை செக்கன் பிந்துவதை அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் கவனித்ததால் உலகம் தப்பியது.

இனி, வொயிட் லினக்ஸ் பாவிக்கிற ரன்இட்டைப் பாருங்கோ. மூன்றே கட்டம்: தொடக்கு, பார்த்துக்கொள், நிறுத்து. ஒரு சேவைக்கு ஒரு அடைவு, அதற்குள் ரன் எண்ட சின்ன ஸ்கிரிப்ட். சேவை விழுந்தால் திருப்பி எழுப்பும். எது முதல், எது பிறகு எண்டு அது தானாகக் கணக்குப் பார்க்காது. பெரிய சேர்வர் கூட்டங்களுக்கு அது குறைதான். வீட்டு லப்டொப்புக்கு அந்தக் கணக்கு என்னத்துக்கு?

மூலநிரல் திறந்திருக்கு எண்டு பெருமைப்படுறம். ஒருவராலும் முழுக்க வாசிச்சு முடிக்க ஏலாத அளவுக்கு அது வீங்கினால், திறந்திருந்தும் என்ன பிரயோசனம்? உங்கட கணினியின் 1ஆம் இலக்கம் என்ன செய்யுது எண்டு உங்களால் சொல்ல முடியவேணும். எங்கட கேள்வி அவ்வளவுதான்.