கண்ணாடிக்குள் ஒரு குளம்



சென்ற ஆண்டு ஒரு பொருட்காட்சியிலிருந்து என் மகள் இரண்டு தங்கமீன்களைப் பாலிதீன் பையில் ஏந்திக்கொண்டு வந்தாள். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றையும் கூடவே வாங்கியிருந்தோம். மூன்று வேளையும் தீனி இட்டாள். நீர் சற்றே கலங்கினாலும் நான் அதை முழுவதும் கொட்டிவிட்டு, கிண்ணத்தைச் சோப்பிட்டுக் கழுவி, புதுநீர் நிரப்பினேன். நான்காம் நாள் ஒரு மீன் மல்லாந்தது. ஆறாம் நாள் மற்றொன்று.

அந்த வாரம்தான் எங்கள் மக்தபில், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த தண்டனையைப் பற்றிய நபிமொழியைப் பிள்ளைகளுக்கு விளக்கியிருந்தேன். என் மகளும் அவ்வகுப்பில் அமர்ந்திருந்தாள். "அத்தா, அந்தப் பெண் பூனைக்குச் சோறு போடவில்லை. நாம் போட்டோமே, பிறகு ஏன் செத்தது?" என்று அவள் கேட்டபோது, பத்தொன்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் எனக்கு விடை தெரியவில்லை.

உயிர்களை வீட்டில் வளர்ப்பதற்குத் தடையேதும் இல்லை. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் சிறு பறவையொன்றை வளர்த்ததும், அது இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அக்குழந்தையிடம் பரிவோடு விசாரித்ததும் நாம் அறிந்தவையே. ஆயினும் வளர்க்கத் தெரியாமல் வளர்ப்பதற்கு அதில் அனுமதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே தெரிந்துகொள்ளப் புறப்பட்டேன்.

தெரிந்துகொண்டது இதுதான். மீன் தன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியிடுகிறது. எஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாவே உண்டாகும். அது மீனுக்கு நஞ்சு. குளத்திலும் ஏரியிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அதிகக் கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடிகள் உண்டு வளர்கின்றன. அம்மோனியாவையே நேராக உறிஞ்சிக்கொள்ளும் நீர்ச்செடிகளும் பல. இந்தப் பாக்டீரியாக்கள் மணலிலும் கல்லிலும் கண்ணாடியின் உட்புறத்திலும் படிந்து பெருக ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நானோ இரண்டு நாளைக்கு ஒருமுறை அவற்றைச் சோப்பிட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்! சுத்தம் என்று நான் எண்ணிச் செய்ததே அம்மீன்களுக்கு எமனாயிற்று.

மக்தபுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரு வெள்ளி காலையில் வேப்பம்பட்டில் மின்சார ரயிலேறி வில்லிவாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து கொளத்தூர் சென்றேன். வண்ணமீன் வளர்ப்புக்கும் வணிகத்துக்கும் பெயர் பெற்ற ஊர் அது. எத்தனையோ குடும்பங்கள் சிமெண்டுத் தொட்டிகளில் மீன்குஞ்சு பொரிக்கவைத்துப் பிழைப்பு நடத்தும் இடம். முதலில் நுழைந்த கடையில் மோட்டார் வடிகட்டி, நீரைச் சூடாக்கும் கருவி, கரியமில வாயு உருளை, வண்ணக் கற்கள், பிளாஸ்டிக் செடி என்று நீண்ட பட்டியல் ஒன்று என் கையில் தரப்பட்டது. அதன் கூட்டுத்தொகை என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டியது. திருவள்ளூர் மாவட்டத்து வெயிலில் மீனுக்கு வெந்நீர் வைக்கச் சொல்கிறார்களே என்று நகைப்பும் வந்தது.

தெருக்கோடியில் தொட்டி வைத்திருந்த முதியவர் ஒருவர்தான் என் குழப்பத்தைத் தீர்த்தார். "ஹஜ்ரத், முதல் மாசம் செடியை வளருங்க. அப்புறம் மீனை யோசிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் சொன்னது புதிய உண்மையன்று. இங்கிலாந்தின் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் சேர்த்து வளர்த்ததை விவரித்திருக்கிறார். உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கெட்டபோது அவர் நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன. மின்சாரமும் மோட்டாரும் வீடுகளை எட்டாத காலம் அது. அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டாட் என்ற பெண்மணி 1999-இல் எழுதிய நூலில், சாதாரணத் தோட்டமண்ணும் அடர்ந்த செடிகளும் சில மீன்களும் போதும் என்று அதே வழியை விரிவாக நிறுவினார். நம்மைப் போன்ற குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு ஏற்ற வழி இதுவே.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியை 700 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் ஏறத்தாழ 56 லிட்டர் நீர் பிடிக்கும். சிறிய கிண்ணத்தைவிடப் பெரிய தொட்டியே புதியவருக்கு எளிது. நீர் மிகுதியாக இருந்தால் தவறுகளையும் தாங்கும். ஆனால் நீரும் மண்ணும் கண்ணாடியுமாக எடை 70 கிலோவை எட்டிவிடும் என்பதை மறந்துவிடலாகாது. ஆட்டங்காணும் மேசை உதவாது. தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் பலகை ஒன்றை விரித்தேன். கசிவு இருக்கிறதா என்று ஒரு நாள் முழுவதும் முற்றத்தில் நீர் நிரப்பிச் சோதித்த பிறகே கூடத்துக்குள் கொண்டுவந்தேன்.

மண்ணுக்குச் செலவில்லை. உரமும் பூச்சிமருந்தும் படாத தோட்டமண்ணைச் சலித்து, நீரில் ஊறவைத்து, மேலே மிதக்கும் சருகுகளை வடித்து, வெயிலில் காயவைத்தேன். இவ்வாறு மூன்று முறை. அதனை ஓரங்குலம் பரப்பி, அதன்மேல் நன்கு கழுவிய பொடிச் சரளையை ஓரங்குலம் மூடினேன். கடற்கரை மணலைத் தவிர்க்கவும். கிளிஞ்சல் கரைந்து நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரோ ஏற்கெனவே கடினமானது. அதுவும் ஒருவகையில் நன்மையாகவே முடிந்தது. வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் கடினநீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே தமக்கு வேண்டிய கரியைப் பெற்றுக்கொள்ள வல்லவை. கரியமில வாயு உருளைக்கு ஆகும் பணம் அப்படியே மிச்சம்.

ஹைட்ரில்லாவை நம் பிள்ளைகள் நன்கு அறிவர். கண்ணாடிக் குவளை, புனல், சோதனைக்குழாய் வைத்து, ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் குமிழிகளைக் காட்டும் பள்ளிப் பாடத்தில் இடம்பெறுவது அச்செடிதான். ஏரியில் இலவசமாகவே கிடைக்கிறதே என்று எடுப்போர், ஒரு வாரம் தனி வாளியில் போட்டுவைத்துப் பார்ப்பது அவசியம். அட்டையும் தட்டான்பூச்சியின் இளம்புழுவும் அதனுள் ஒளிந்திருக்கும். அப்புழு மீன்குஞ்சைப் பிடித்துத் தின்றுவிடும். ஆலைக்கழிவு கலக்கும் நீர்நிலைகளின் பக்கமே போகவேண்டாம். நான் கொளத்தூரிலேயே 200 ரூபாய்க்கு இருவகைச் செடிகளும் வாங்கினேன். தொட்டியின் அடிப்பரப்பில் முக்கால் பங்கு முதல் நாளே செடியால் நிறையவேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இடம் வெறுமையாக இருந்தால் பாசி வந்து குடியேறிவிடும்.

சரளைக்கு 150 ரூபாயும் எல்.ஈ.டி. விளக்குக்கு 180 ரூபாயும் ஆயின. விளக்கைத் தொடர்ந்து எரியவிடாமல் காலையில் ஐந்து மணி நேரமும், நடுவே நான்கு மணி நேரம் ஓய்வுவிட்டு மாலையில் ஐந்து மணி நேரமும் எரியவிடுகிறோம். அந்த இடைவேளையில், செடிகள் உண்டு தீர்த்த கரியமில வாயு நீரில் மறுபடி சேர்ந்துகொள்கிறது. எங்கள் வீட்டில் இதற்குச் செடிகளின் 'கைலூலா' என்று பெயர்!

முதல் வாரம் நீர் தேநீர் நிறமாயிற்று. "வீட்டுக்குள் சேறு கரைத்து வைத்திருக்கிறீர்களே" என்று என் இல்லாள் கடிந்துகொண்டார். அவ்வாரத்தில் மூன்று முறை பாதி நீரை மாற்றினேன். எடுத்த நீரை முருங்கைக்கு ஊற்றினோம். பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய்நீராயின் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுவது நலம். இரண்டாம் வாரம் சில இலைகள் கரைந்து உதிர்ந்தன. செடியோடு தெரியாமல் வந்த இரண்டு நத்தைகள் அவற்றை மேய்ந்தன. மூன்றாம் வாரம் நாடா போன்ற புது இலைகள் மேலெழுந்தன. மகள் நாள்தோறும் மீன் எப்போது என்று கேட்டாள். பணம் செலவழிப்பதைவிடப் பொறுத்திருப்பதே கடினமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முப்பத்தெட்டாம் நாள், 60 ரூபாய்க்கு ஆறு கப்பி மீன்களை விட்டோம். மொத்தச் செலவு 1290 ரூபாய். கப்பி கடினநீரையும் நம் வெயிலையும் தாங்கும். தங்கமீன் பெரிதாக வளர்வது, கழிவும் மிகுதி. இந்தத் தொட்டிக்கு அது ஏற்றதன்று. தீனி ஒரு வேளை மட்டும், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே.

கோடையில்தான் கவனம் தேவை. 25 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் சுமார் 7.5 தான். இரவில் செடிகளும் ஆக்சிஜனை உறிஞ்சும். அதிகாலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்தால் ஒரு குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். மீனை அதிகரிக்காமல் இருப்பது அதைவிட நன்று.

ஆனால் கப்பி தானாகவே பெருகும். குட்டி போடும் இனம் அது. நான்கே மாதத்தில் எங்கள் ஆறு மீன்கள் முப்பதைத் தாண்டின. ஏரியில் விட்டுவிடலாமே என்றார் அண்டை வீட்டுக்காரர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அழகுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடிக் கிடப்பதை நாள்தோறும் பார்க்கிறோம். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீனும் அக்கண்டத்து இனமே. இப்போது நம் நீர்நிலைகளில் மீனவர் வலையில் சிக்கி, விலைபோகாமல் வலையையும் கிழிக்கிறது. கப்பியும் அயல்நாட்டு மீன்தான். ஆதலால் ஏரிக்கு அனுப்பவில்லை. மக்தப் பிள்ளைகளுக்கே கொடுக்க முடிவு செய்தோம். பகிர்ந்தளிக்கும் பொறுப்பை மகள் ஏற்றுக்கொண்டாள்.

சென்ற வாரம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாட்டிலோடு வாசலில் வந்து நின்றான். தொட்டி வைத்துவிட்டானாம், செடியும் நட்டுவிட்டானாம்.

"புது இலை வந்துவிட்டதா?" என்று கேட்டாள் என் மகள்.

"இன்னும் இல்லை அக்கா."

"வந்ததும் வா" என்று சொல்லி, ஒரு கொத்து ஹைட்ரில்லாவை மட்டும் அந்தப் பாட்டிலில் போட்டு அனுப்பினாள்.