காற்புள்ளிக்கு முன்னால் எந்தப் பெயர்?

மாட்டுங்காவில் வாழும் எங்கள் குடும்ப நண்பர் ஒருவர், தம் இளமையில் ஆடிய சதுரங்க ஆட்டங்களை மூன்று நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்திருக்கிறார். அவற்றைக் கணினியில் ஏற்றித் தொகுத்து வெளியிடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஆய்வேட்டிலிருந்து சற்று இளைப்பாறலாம் என்பதே என் எண்ணம்; ஐரோலி வீட்டில் இரவு நேரங்களில் அதைச் செய்தேன். நகர்த்தல்கள் தொல்லை தரவில்லை. பழைய விவரணக் குறியீட்டை இன்றைய இயற்கணிதக் குறியீட்டுக்கு மாற்றுவது பழகினால் எளிது. விதிக்குப் புறம்பாக ஒரு குதிரையை நகர்த்தினால் மென்பொருளே மறுத்துவிடும். ஆனால் பெயரைத் தவறாக இட்டால் எந்த மென்பொருளும் மறுப்பதில்லை. என்னைத் தடுத்து நிறுத்தியவை பெயர்களே.

செஸ்பேஸ், ஸ்கிட், லிச்செஸ் என எதுவாயினும் படிக்கக்கூடிய பொது வடிவம் பி.ஜி.என். ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த இதன் விதிமுறை 1994இல் நிலைபெற்றது. போட்டி, இடம், நாள், சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு என ஏழு குறிச்சொற்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கட்டாயம். வெள்ளை, கறுப்பு என்னும் இடங்களில் குடும்பப் பெயர் முதலில், பின்பு காற்புள்ளி, அதன்பின் இடுபெயர் வரவேண்டும். எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்ற கருத்து இங்கே விதியாகவே அமர்ந்திருக்கிறது.

தமிழ்ப் பெயர்கள் இதற்குள் நுழையும்போது நிகழ்வதைப் பாருங்கள். தரவுத்தளங்களில் ‘ஆனந்த், விஸ்வநாதன்’ என்றே காண்கிறோம். விஸ்வநாதன் தந்தையின் பெயர். ஆனந்த் என்பதே இடுபெயர். அது இறுதியில் வருவதால் குடும்பப் பெயரின் இருக்கையில் அமர்ந்துவிட்டது. ‘பிரக்ஞானந்தா, ஆர்’, ‘குகேஷ், டி’ என்ற பதிவுகள் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். ஆயினும் ‘ஆர்’ தந்தை ரமேஷ்பாபுவைக் குறிக்கிறது. ‘டி’ குறிப்பதோ தொம்மராஜு என்னும் குடும்பப் பெயரை. ஒரே வடிவம், இரு வேறு உறவுகள். மொழியியல் மாணவர்க்கு இது வியப்பன்று. தொகுப்பாளர்க்கோ இது கண்ணிவெடி.

அக்கண்ணியில் நானும் சிக்கினேன். ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இருவர் அந்நோட்டுகளில் இருந்தனர். ஒத்த பெயர்களை ஒன்றாக்கும் வசதியை ஆராயாமல் இயக்கிவிட்டேன். மறுநாள் பார்த்தபோது, ஓர் ஆட்டத்தில் ஒருவர் தம்மையே வென்றிருந்தார். பிழை கண்ணில் பட்டது அந்த ஓர் ஆட்டத்தால்தான். அவ்விருவரும் ஒருமுறைகூட நேருக்குநேர் மோதாதிருந்தால், இரு மனிதர்கள் ஒருவராகவே அச்சேறியிருப்பார்கள்.

தேடுவதற்கு ஒருமை வேண்டுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இன்றைய ஆட்டக்காரர்களுக்கு ஃபிடே வழங்கும் அடையாள எண் அதற்குப் போதும். ஆனால் எண் இல்லாத தலைமுறையை என்செய்வது? 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் ஈவேயை மானுவேல் ஆரோன் வென்ற ஆட்டம் பெரும் தொகுப்புகளில் நிலைத்திருக்கிறது, அதற்கு ஆபத்தில்லை. இந்நோட்டுகளிலோ எதிராளி சில இடங்களில் ‘தாராவி தோல்கிடங்கு அண்ணன்’ என்று மட்டுமே இருக்கிறார். அவருக்கு இந்நோட்டைத் தவிர வேறு சான்றில்லை. அவரைக் கேள்விக்குறியாக்கினால் விதி நிறைவேறும், மனிதர் மறைவார்.

ஆகவே ஆட்டங்களைத் தொகுப்போர்க்கு என் பரிந்துரைகள் இவை. தேடலுக்கான சீர்வடிவம் ஒன்று இருக்கட்டும். தாளில் உள்ளபடியான பெயர் தனிக் குறிச்சொல்லில் இருக்கட்டும். கூடுதல் குறிச்சொற்களை பி.ஜி.என். அனுமதிக்கிறது. அதன் மூல விதிமுறை லத்தீன் எழுத்துகளை மட்டுமே கருதியது; இன்று யூனிகோடில் தமிழை இடப் பல மென்பொருள்கள் இடந்தருகின்றன. முன்னெழுத்தை ஊகித்து விரிக்காதீர்கள். நாள் தெரியாவிடில் கேள்விக்குறியே நேர்மை. விதிமுறையும் அதையே சொல்கிறது. ஒன்றாக்கும் கட்டளைக்கு முன் ஒரு படி எடுத்துவையுங்கள். எந்தப் பெயரை ஏன் மாற்றினீர்கள் என்பதைத் தொகுப்பின் முகப்பில் எழுதுங்கள். கல்வெட்டுப் பதிப்பாளரிடம் நாம் இதைத்தானே எதிர்பார்க்கிறோம்?

மென்பொருளை நான் பழிக்கவில்லை. அது கேட்ட இடத்தில் எதை நிரப்புவது என்று முடிவெடுப்பவர் தொகுப்பாளரே. என் தொகுப்பை மீண்டும் பிரித்து, பெயர் பெயராகச் சரிபார்த்து வருகிறேன். முடிந்ததும் எவரும் பயன்படுத்தும் வகையில் கட்டணமின்றி வெளியிடுவேன். தோல்கிடங்கு அண்ணன் அதில் அப்பெயரிலேயே இருப்பார்.

உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய நோட்டுகள் இருந்தால், தட்டச்சிடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துவையுங்கள்.