ஊர்ச்சாமிகளை விழுங்கிய தேசம்

ஜப்பானின் போர்வெறிக்கு ஊற்றுக்கண் ஷிண்டோ மதம்தான் என்று பலரும் நம்புகிறார்கள். 1945 டிசம்பரில், போரில் வென்ற நேச நாடுகளின் படைத் தலைமை ‘அரசு ஷிண்டோ’வை ஒழித்து ஆணையிட்டதிலிருந்து அந்த நம்பிக்கை வேரூன்றிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜப்பானியத் தேசியம் முதலில் கைவைத்ததே ஷிண்டோவின் அடிமடியில்தான்.

ஷிண்டோவுக்கு நிறுவனர் கிடையாது. மலை, ஊற்று, முதிர்ந்த மரம், ஊரைக் காக்கும் சாமியின் தோப்பு, நடவுக்கும் அறுவடைக்கும் எடுக்கும் திருவிழா, இவைதான் அதன் உயிர். 1868-இல் ஆட்சிக்கு வந்த மெய்ஜி அரசு, ஆயிரம் ஆண்டுகளாக ஒரே வளாகத்தில் குடியிருந்த புத்தரையும் ‘காமி’ எனும் தெய்வங்களையும் முதலில் பிரித்தது. அடுத்து, கிராமத்துக்கு ஓர் ஆலயம் போதும் என்று 1906-இல் ஆலய இணைப்பைத் தொடங்கியது. பேரரசருக்காக ஒரே முறையில் சடங்கு நடக்க வேண்டும். அதற்குச் சின்னஞ்சிறு கோயில்கள் இடைஞ்சல். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 ஆலயங்கள் மறைந்தன. சாமி போன இடத்தில் தோப்பும் கோடரிக்கு இரையானது.

மிகுந்த அடி வாங்கிய மாவட்டங்களில் ஒன்று வகயாமா. அங்கே தனபே ஊரில் வாழ்ந்த இயற்கையியலாளர் மினகத்தா குமகுசு இதை எதிர்த்து எழுந்தார். அவர் பெயரில் உள்ள ‘குசு’ கற்பூர மரத்தைக் குறிக்கும்; ஆலயத்து மரத்தை முன்னிட்டுக் குழந்தைக்குப் பெயரிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். தோப்பை வெட்டினால் பூஞ்சையும் பறவையும் மட்டுமல்ல, ஊர் ஒற்றுமையும் போய்விடும் என்று வாதாடினார். இணைப்பை ஆதரித்த அதிகாரியைத் தேடிக் கூட்டத்துக்குள் புகுந்ததால் 1910-இல் 18 நாள் காவலில் இருந்தார். 1929-இல் பேரரசர் ஹிரோஹித்தோ தனபே வளைகுடாவில் உள்ள கஷிமா தீவுக்கு வந்தபோது, குமகுசு போராடிக் காத்த காடு அங்கே நின்றது. மிட்டாய்ப் பெட்டிகளில் 110 சளிப்பூஞ்சை மாதிரிகளை அடுக்கிப் பேரரசரிடம் கொடுத்தார். ஷிண்டோவின் பக்தர் என்று நான் சொல்வது இவரைத்தான்.

அரசு தனக்கென்று கட்டிய சாமி வேறு. தோக்கியோவின் யசுகுனி ஆலயம் 1869-இல்தான் பிறந்தது. பேரரசருக்காகப் போரிட்டு மாண்டவர்களே அங்கே தெய்வங்கள், 24 லட்சத்துக்கும் மேற்பட்டோர். 1978-இல் முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் 14 பேரையும் சேர்த்தார்கள். தலைவர்கள் இதைத் தொன்மரபு என்று சொல்லிக் கும்பிடப் போகிறார்கள். குமகுசு பிறந்தது 1867-இல். அவரைவிட இளைய ஆலயம் அது.

ஜப்பானின் குடியேற்ற ஆட்சியில் படைக்கு இழுக்கப்பட்ட கொரியர்களின் பெயர்களும் குடும்பத்தாரைக் கேட்காமலே யசுகுனியின் தெய்வப் பட்டியலில் ஏறின. மற்ற ஆன்மாக்களோடு ஒருமுறை கலந்த ஆன்மாவைப் பிரிக்க முடியாது என்கிறது ஆலயம். உயிரோடு ஊர் திரும்பிய கொரியர் ஒருவர், தன் பெயரும் அங்கே தெய்வமாக இருப்பதை அறிந்து நீக்கச் சொல்லி வழக்குப் போட்டார். 2011-இல் தோக்கியோ நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.