பெட்டிக்குள் ஒரு ஜூல்

என் மைத்துனர் போன மாதம் தன் வேகன்-ஆர் காரின் பானெட்டைத் திறந்து பெருமையாகக் காட்டினார். பேட்டரிக்குப் பக்கத்தில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிய நீலப் பெட்டி ஒன்று. அதிலிருந்து ஒரு சிவப்பு ஒயர் பாசிட்டிவுக்கும் ஒரு கறுப்பு ஒயர் நெகட்டிவுக்கும் போயின. பெட்டியின் முகப்பில் 14.1 என்ற எண் மின்னிக்கொண்டிருந்தது. "வோல்டேஜ் ஸ்டெபிலைசர் மாப்ளே. ஏ.சி. போட்டா ஹெட்லைட் டிம் ஆகுதுன்னு சொன்னேன், கடைக்காரர் இதை மாட்டி விட்டார். பிக்கப் ஏறும், மைலேஜும் கூடுமாம்." விலை 3,800 ரூபாய். கடைக்காரர் பேரம் பேசவே விடவில்லையாம்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. ஆக்சஸரிஸ் கடை இருக்கிற எந்த ஊரிலும் இந்தப் பெட்டி தொங்குகிறது. கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒருவராவது "போட்டதுலருந்து வண்டி ஸ்மூத்தா ஓடுது" என்கிறார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒருவர்கூடத் திறந்து பார்ப்பதில்லை.

நான் திறந்தேன். நாலு திருகுதான். விரல் நீளத்துக்குப் பச்சை நிற சர்க்யூட் போர்டு ஒன்று. அதில் வரிசையாக நின்ற ஐந்து எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள், ஒரு ஃபியூஸ், எண் காட்டும் சின்ன மீட்டர். வேறு எதுவும் இல்லை. ஒவ்வொரு கெப்பாசிட்டர் மேலும் 2,200 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. ஐந்தையும் கூட்டினால் 11,000.

கெப்பாசிட்டரில் எவ்வளவு ஆற்றல் தேங்கும் என்பது பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு. கொள்ளளவில் பாதியை வோல்டேஜின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 14 வோல்ட்டுக்குப் போட்டுப் பார்த்தால் விடை ஒரு ஜூல். துல்லியமாகச் சொன்னால் 1.08. நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றல் அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி வைத்திருப்பது சுமார் 15 லட்சம் ஜூல். 15 லட்சத்தை வைத்திருப்பவனுக்கு ஒன்றை வைத்திருப்பவன் முட்டுக்கொடுக்கப் போகிறானாம்.

அந்த ஒரு ஜூல் ஹெட்லைட்டுக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் வினாடிக்கு 110 ஜூல் வேண்டும். நூறில் ஒரு வினாடிகூட ஆகாது, பெட்டி காலி. அதுவும் முழு ஜூலையும் கறந்தால்தான். முழுசாகக் கறக்க வேண்டுமென்றால் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். 14-லிருந்து 12-க்கு இறங்கும்போது பெட்டி விட்டுக்கொடுப்பது கால் ஜூலுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் இந்தக் கால் ஜூல் எந்த மூலைக்கு?

"ஆனால் மீட்டரில் வோல்டேஜ் நிலையாக நிற்கிறதே" என்பார்கள். நிற்கத்தான் செய்யும். கார் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே ரெகுலேட்டர் இருக்கிறது. வோல்டேஜ் இறங்கினால் ரோட்டர் சுருளுக்கு மின்சாரத்தைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். எஞ்சின் 800 சுற்றில் நின்றாலும் 4,000 சுற்றில் ஓடினாலும் 14 வோல்ட்டை ஒட்டி வைத்திருப்பது அதன் வேலை. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை சென்னை பாடியில் இருக்கிறது. வாகன மின்கருவிகளை உருவாக்குவதையே பிழைப்பாகக் கொண்ட பொறியாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை பார்த்திருக்கிறார்கள். ஐந்து கெப்பாசிட்டரால் கார் மேம்படும் என்றால் அவர்களுக்குத் தோன்றாமலா போயிருக்கும்? மொத்தமாக வாங்கினால் நூறு ரூபாய்க்குள் அடங்கும் சாமான் அது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் பம்ப்செட்டுகள் ஓடத் தொடங்கியதும் வீட்டு பல்பு செம்மஞ்சளாக அழுதுகொண்டு எரிந்த காலம் ஒன்று இருந்தது. சாலிடேரோ டயனோராவோ டி.வி. வாங்கியவர்கள் கூடவே ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கினார்கள். வி-கார்டு நிறுவனம் 1977-இல் கொச்சியில் தொடங்கியதே அதைச் செய்து விற்கத்தான். அந்தப் பெட்டி உண்மையாக உழைத்தது. உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர், அதில் பல இடங்களில் பிரித்தெடுத்த சுருள்கள், சுருள் மாற்ற ரிலே. வோல்டேஜ் விழுந்தால் 'டக்' என்று மாறிக் கூட்டிக் கொடுக்கும். ஃபிரிட்ஜைக் காப்பாற்றிய அந்த நன்றியை அப்படியே தூக்கிக் காருக்குள் கொண்டுவந்துவிட்டோம். கார்ப் பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, ரிலே இல்லை, வோல்டேஜைக் கூட்டும் பாகம் எதுவுமே இல்லை. இருப்பது அந்த ஒரு ஜூல்.

அடுத்தது பிக்கப், மைலேஜ். இங்கேதான் பொய் எல்லை மீறுகிறது. எரிபொருளை அளந்து விடுவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. பேட்டரி வோல்டேஜ் எப்படி ஆடினாலும் தன் சென்சார்களுக்கு 5 வோல்ட்டைத் தானே சீராக்கிக் கொடுக்கும். வோல்டேஜ் குறைந்தால் இன்ஜெக்டர் திறக்கச் சற்றுத் தாமதமாகும். அந்தத் தாமதத்துக்கும் கணக்கு வைத்து, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டும். இக்னிஷன் காயிலுக்கும் அப்படியே. எக்ஸாஸ்ட்டில் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்து கலவை சரிதானா என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 மாசு விதிக்குள் வந்த கார்களில் இந்தக் கண்காணிப்பு இன்னும் இறுக்கம். இவ்வளவையும் தாண்டி, பேட்டரிக்குப் பக்கத்தில் ஒட்டிய பெட்டி பெட்ரோலை மிச்சம் பிடித்துவிடுமா?

இதில் இன்னொரு கூத்து. புதுக் கார்கள் பலவற்றில் வோல்டேஜ் வேண்டுமென்றே ஏறி இறங்கும். வேகமெடுக்கும்போது ஆல்டர்னேட்டரின் சுமையைக் குறைத்து, காலை எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சார்ஜைக் கூட்டுவார்கள். பெட்ரோல் மிச்சமாவது அதில்தான். கடைக்காரர் மீட்டரில் 12.8 என்று காட்டி, "பாருங்க சார், வோல்டேஜ் ஆடுது" என்று பயமுறுத்துகிறார். அப்படிப்பட்ட கார்களின் நெகட்டிவ் டெர்மினலில் பேட்டரியின் நிலையை அளக்க ஒரு சென்சார் இருக்கும். அதைத் தாண்டி நேராக டெர்மினலிலேயே ஒயரைச் சொருகினால் அந்த வழியாகப் போகும் மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராது. இதை எந்தக் கடைக்காரர் சொல்கிறார்?

போட்டதும் வித்தியாசம் தெரிந்தது என்பவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குத் தெரிந்திருக்கும். பெட்டியை மாட்டும்போது என்ன நடக்கிறது என்று நின்று பாருங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றுகிறார்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியை பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள். நட்டை நன்றாக முறுக்குகிறார்கள். கழற்றிய நேரத்தில் இ.சி.யு. தான் கற்று வைத்திருந்ததை மறந்து, ஐடிலிங்கைப் புதிதாகப் பழகுகிறது. வண்டி வேறு மாதிரி இருப்பதாகத் தோன்றாமல் என்ன செய்யும்? பலன் தந்தது அந்த பிரஷ். காசு வாங்கியது பெட்டி. கூடவே நாலைந்து எர்த் ஒயரும் தருகிற செட்டுகள் உண்டு. அதில் ஏதாவது பலன் தெரிந்தால் அது ஒயரின் பலன். எந்த ஆட்டோ எலக்ட்ரீசியனும் சில நூறு ரூபாயில் போட்டுக் கொடுப்பார்.

மைத்துனர் காருக்கு வருகிறேன். எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு ஹெட்லைட், ஏ.சி., புளோயர் எல்லாவற்றையும் போடச் சொன்னேன். பெட்டியின் திரையில் இருந்த 14.1 இறங்கி 13.1-இல் நின்றது. எந்தக் குறைக்கு மருந்தென்று 3,800 ரூபாய் வாங்கினார்களோ, அந்தக் குறையை அந்தப் பெட்டியின் மீட்டரே காட்டிக்கொண்டிருந்தது. அதனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். 0.8 வோல்ட். 0.2-க்கு மேல் இருந்தாலே சந்தேகப்பட வேண்டிய இடம் அது. எஞ்சினிலிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் போகும் எர்த் ஒயரைத் தேடிக் கீழே குனிந்தால், ஒயர் முனையின் லக்கு கழுத்து வரை பச்சை பிடித்து, இழைகள் பாதி அறுந்து கிடந்தன. ஆல்டர்னேட்டர் ஒழுங்காகத்தான் மின்சாரம் தந்துகொண்டிருந்தது. திரும்பி வரத்தான் வழியில்லை. "காலைல செல்ஃப் இழுக்குதுன்னு சொன்னீங்களே மச்சான், அதுக்கும் இதுதான் காரணம்" என்றேன். 250 ரூபாயில் புது எர்த் ஒயர் போட்டு, லக்கு உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கியதும் எல்லா சுமையோடும் 13.8 நின்றது. அதன் பிறகு அந்த ஒரு ஜூலைக் கழற்றி வைத்தோம். மல்டிமீட்டரில் எண் அசையவில்லை.

பெட்டியால் கெடுதல் இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் இரக்கப்படுகிறார்கள். அந்த மீட்டர் இருபது மில்லி ஆம்பியர் குடித்தாலும், ஓடாமல் ஒரு மாதம் நிற்கும் காரில் 14 ஆம்பியர்-ஹவர் போய்விடும். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் அது நாற்பது சதவீதம். வெளிநாட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போய்த் திரும்பும் பெரியவர்கள் செல்ஃப் எடுக்காத காரோடு நிற்பார்கள். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு பத்து டிகிரி ஏறினால் பாதியாகும். நம் ஊர் மே மாதத்தில் பானெட்டுக்கு அடியில் கொதிக்கிற கொதியில் இது எத்தனை நாள் தாங்கும்? ஃபியூஸும் இல்லாத மலிவுப் பெட்டி ஷார்ட் ஆனால், நேரடியாகப் பேட்டரியிலிருந்து போகும் அந்த ஒயர் பழுக்கும். பக்கத்தில் பெட்ரோல் லைன்.

எனக்கு ஆறாத இன்னொன்று உண்டு. இதே கடைகள்தான் 100/90 வாட் பல்பை விற்கின்றன. 60/55 வாட்டுக்காக இழுத்த ஒயரில், 60/55-க்காகச் செய்த ஹோல்டரில், ரிலே வைக்காமல் அதைச் சொருகி விடுகிறார்கள். ஒயர் சூடேறும், ஹோல்டர் உருகும், வோல்டேஜ் வழியிலேயே விழும். எதிரே வருபவன் கண் கூசி வண்டியை எங்கே விடுவான் என்று யாருக்கும் கவலையில்லை. பிறகு "லைட் டிம் அடிக்குது" என்று வருபவரிடம் ஸ்டெபிலைசரை நீட்டுகிறார்கள். நோயையும் இவர்களே விற்று, மருந்து என்று சொல்லி இந்த ஒரு ஜூலையும் இவர்களே விற்கிறார்கள். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், ஓபிடி சாக்கெட்டில் சொருகி மினுக்கும் எரிபொருள் சேமிப்பான், ஏற்கெனவே 78 சதவீதம் நைட்ரஜனாக இருக்கும் காற்றை விட்டுவிட்டு டயருக்குத் தனியாக நைட்ரஜன் அடித்துக் காசு வாங்குவது, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாகச் சொன்ன 100-க்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்தது. ஒரு சிலதான் ஏதோ கொஞ்சம் பலன் காட்டின, அதுவும் சொற்பம்.

நடுவில் நசுங்குபவர் ஆட்டோ எலக்ட்ரீசியன். மல்டிமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லக்காக அளந்து, பழுது எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதர். அவர் முக்கால் மணி நேரம் குனிந்து வேலை பார்த்து 300 ரூபாய் கேட்டால் "ஒரு ஒயருக்கா இவ்வளவு?" என்று முகம் சுளிக்கிறோம். ஐந்தே நிமிடத்தில் டேப் போட்டு ஒட்டியவருக்கு 3,800-ஐ மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுக்கிறோம். அந்த வேலையைக் கற்றுக்கொள்ளப் பையன்கள் எப்படி வருவார்கள்?

மைத்துனர் வாங்கிய பெட்டியின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி மேல் ஆம்பியர்-ஹவர் போட்டிருக்கும், பல்பு மேல் வாட் போட்டிருக்கும். இதன் மேல் எத்தனை மைக்ரோஃபாரட் என்று ஓர் எழுத்து இல்லை. போட்டால் யாராவது பெருக்கிப் பார்த்துவிடுவார்களே. செய்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, இறக்குமதி செய்தவர் யார் என்றும் இல்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்ட அளவியல் விதிகளின்படி இந்தப் பெயர், முகவரி விவரங்கள் அட்டையில் கட்டாயம் இருக்க வேண்டும், அதிகபட்ச விலையும் சேர்த்து. கடைக்காரர் பெட்டியை நீட்டினால் முதலில் மைக்ரோஃபாரடைக் கேளுங்கள். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஏ.சி., புளோயர், ஹெட்லைட் எல்லாம் போட்ட நிலையிலேயே வோல்டேஜைக் காட்டச் சொல்லுங்கள். முன்பு ஏ.சி. போட்டும் பின்பு ஏ.சி. அணைத்தும் காட்டுகிற வேலை நடக்கிறது. பில் கேளுங்கள், 'மைலேஜ் கூடும்' என்று சொன்னதை அந்த பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்து மைலேஜ் கூடவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.