விசா போட்டோவுக்கு எதுக்கு வெள்ளையடிப்பு?

ஸ்டுடியோ அண்ணன் கேட்காமலே ஒரு வேலை செய்வார். கறுப்பு முகத்தை கம்ப்யூட்டரில் ஏற்றி ரெண்டு ஷேடு வெளுத்து, பரு, தழும்பு எல்லாம் துடைத்துத் தருவார். கல்யாண ஆல்பத்துக்குன்னா போகட்டும். அமெரிக்க விசாவுக்குமா?

டிஎஸ்-160 படிவத்துக்கான விதி தெளிவாகவே இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் எடுத்த படம், வெள்ளைப் பின்னணி, 600 முதல் 1200 பிக்சல் வரை சதுரம், 240 கேபிக்குள். 2016 நவம்பரிலிருந்து மூக்குக்கண்ணாடியும் கூடாது. முக்கியமாக, தோற்றம் மாறும்படி படத்தில் கைவைக்கவே கூடாது! வெளுத்துக் கொடுப்பது உதவி இல்லை மக்களே, ஆப்பு.

எந்திரங்களும் யோக்கியம் இல்லை. 2016-ல் நியூசிலாந்து பாஸ்போர்ட் தளம், ஆசிய வம்சாவளி இளைஞர் ஒருவரின் திறந்த கண்ணை மூடியிருக்கிறது என்று தள்ளியது. பிரிட்டன் பாஸ்போர்ட் தளத்தை 2020-ல் பிபிசி சோதித்தபோது, கறுத்த பெண்களின் படங்களில்தான் அது அதிகம் குறை சொன்னது. அதற்காக முகத்தை மாற்றுவதா? கறுப்பு முகத்துக்கு வேண்டியது நல்ல வெளிச்சம். சுவரை விட்டுத் தள்ளி, ஜன்னலைப் பார்த்து நின்றாலே பாதி வேலை முடிந்தது.

காசு கொடுப்பவர் "அண்ணே, என் கலர்லயே இருக்கட்டும்" என்று வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்?